மீட்டருக்குள் சாரல்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்பது எனக்கு பைக்கின் ஸ்பீடு மீட்டரில்தான் முதலில் தெரியும். வீடு தென்காசி, வேலை ஆலங்குளம். காலையில் குனிந்து பார்த்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் பாலாடை மாதிரி வெள்ளை படிந்திருக்கும், முள் எங்கே நிற்கிறதென்றே தெரியாது. மூன்று வருசம் இந்தச் சவத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

லேசான மூட்டம்தான், வண்டி ஓடினால் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது என்றால் எதையும் கழற்றாதீர்கள். மீட்டர் காற்றே புகாத டப்பா இல்லை. ராத்திரி கண்ணாடி குளிர்ந்ததும் உள்ளே இருக்கிற ஈரக்காற்று அதில் படிகிறது, அவ்வளவுதான். துளி துளியாக உருண்டு நின்றாலோ, எண் எழுதிய தகட்டில் கறை விழுந்தாலோதான் வேலை இருக்கிறது. வாரண்டி முடியாத வண்டி, டிஜிட்டல் மீட்டர் என்றால் நேரே ஷோரூம்தான். இங்கே நான் சொல்வது முள் மீட்டருக்கு.

என் வண்டியில் தண்ணீரை விட்டது மழை இல்லை, வாட்டர் வாஷ். மீட்டருக்கு அடியில் பல்பு ஹோல்டரைப் பிடித்திருக்கும் ரப்பர் வெயிலில் கிடந்து கருவாடாக விறைத்திருந்தது. பிரஷர் கன்னை அங்கே காட்டினால் தண்ணீர் கேட்டுக்கொண்டா போகும்?

முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் டூமைப் பிரித்ததும் வயர் கப்ளர்களை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்; திரும்ப மாட்டும்போது அதுதான் தெய்வம். ஸ்பீடோ கேபிளைக் கழற்றி, அடி நட்டை எடுத்தால் மீட்டர் கையோடு வந்துவிடும். பல்பு ஹோல்டர்களையும் இழுத்து எடுத்துவிடுங்கள். ஈரம் வெளியே வர வேண்டிய வாசல் அந்த ஓட்டைகள்தான்.

"அரிசிப் பானைக்குள்ள போட்டு வைல, உறிஞ்சிரும்" என்றாள் அம்மா. போட்டேன். ஈரம் போகவில்லை, தவிட்டுத் தூசிதான் ஓட்டை வழியாக உள்ளே போனது. 40-க்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு.

சரியான வழி, மூடி இறுக்கமாக நிற்கிற பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும். செருப்பு டப்பாவிலிருந்து எடுத்து வருசக்கணக்காக அலமாரியில் போட்டு வைத்தது ஏற்கெனவே ஈரம் குடித்து வயிறு நிறைந்தது, உதவாது. புதிதாக வாங்குங்கள். இரண்டு நாள் மூடி வையுங்கள். ஹேர் டிரையரை முழுச் சூட்டில் காட்டினால் நாம் கண்ணாடி என்று சொல்கிற அந்த பிளாஸ்டிக் நெளிந்துவிடும். பெட்ரோல் தொட்டுத் துடைத்தால் மங்கிப்போகும்.

சாரல் காலத்தில் தென்காசியில் எதைக் காயவைப்பது? மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். அங்கே அதே ஆனியில் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், வெயில் சூட்டில் கால் வைக்க முடியாது. டப்பாவை வீட்டுக்குள் வைத்து, மூன்றாம் நாள் ஒரு சோதனை செய்தேன். ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மீட்டர் கண்ணாடி மேல் இரண்டு நிமிசம் வைக்க வேண்டும். உள்பக்கம் வட்டமாக மூட்டம் எழுந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. எனக்கு எழுந்தது. இன்னொரு நாள் தங்கி அக்காவிடம் சொதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

காய்ந்ததும் புது ரப்பர் போட்டு ஹோல்டர்களை அங்கேயே செருகிவிட்டேன். நல்லவேளை, பாவூர்சத்திரம் தாண்டியதும் பஸ் ஜன்னலில் சாரல் அடித்தது. கண்ணாடி ஓரத்தில் விரிசல் இருந்தால் சிலிக்கான் பேஸ்ட் பூசலாம். ஆனால் காடி வாசனை அடிக்கிற வகை வேண்டாம், அதன் அமில ஆவி உள்ளே இருக்கும் செம்பை அரிக்கும். அடியில் மூச்சு ஓட்டை இருந்தால் அதை மட்டும் அடைத்துவிடாதீர்கள். வந்த தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். சேறு அடைத்திருந்தால் ஈர்க்குச்சி நுனியால் லேசாக எடுத்தால் போதும்.

இப்போது வாஷுக்கு விடும்போது மீட்டரைப் பாலிதீன் பையால் மூடி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் விடுகிறேன். காலையில் லேசாக மூட்டம் விழும், ஆலங்குளம் போவதற்குள் கலைந்துவிடும். 40-க்குப் பக்கத்துத் தவிட்டுப் பொட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.