மாண்டானா டாக்டருக்கு ஈசூனிலிருந்து காப்பீட்டுப் பதிவு

என் பெரியம்மா மகள் அமெரிக்காவின் மாண்டானாவில் குடும்ப மருத்துவர். ஐந்நூறு சிங்கப்பூரை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும் மாநிலம். மக்கள்தொகையோ பதினொரு லட்சத்தை ஒட்டித்தான். அக்கா அங்கே சின்னதாக ஒரு கிளினிக் திறந்தபோது, சிங்கப்பூர் ஈசூனில் இருந்த எனக்கு வேலை வந்தது. "ஒன்பது வருஷம் மெடிசேவ் கிளெய்ம் பார்த்தவள்தானே, ஃபாரம் நிரப்ப உனக்கா தெரியாது?" என்றாள்.

தெரியவில்லை. இங்கே மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற காப்பீட்டுக்கும் டாக்டருக்கு அங்கீகாரம் தருவது சுகாதார அமைச்சு, ஒரே வாசல். அங்கே ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் டாக்டரைத் தனித்தனியாகச் சரிபார்த்துச் சேர்த்துக்கொண்டால்தான் பணம் வரும். அதற்குப் பெயர் கிரெடென்ஷியலிங். மூன்று நான்கு மாதம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு, கிளினிக் திறக்கும் முன்பே தொடங்குங்கள்.

எந்த இணையப் பக்கத்தையும் திறக்கும் முன் பெயரைப் பாருங்கள். நம்மவர்களுக்கு இதுதான் முதல் கண்டம். அப்பா பெயர் சுப்பிரமணியம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கல்லூரிப் பட்டத்தில் வெறும் 'எஸ்' என்று முன்னெழுத்து நிற்கும். கடவுச்சீட்டில் அதே எழுத்து விரிந்து குடும்பப் பெயராகியிருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் கணவர் பெயரும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அக்காவின் ஐந்து தாள்களில் நான்கு பெயர் இருந்தன. நமக்கு ஒரே ஆள், அங்குள்ள கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். சமூகப் பாதுகாப்பு அட்டையில் உள்ள பெயரையே மூலமாக வைத்து, மாநில உரிமம், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதித்தரத் தேவையான டிஇஏ பதிவு, என்பிஐ எண் எல்லாவற்றையும் அதற்கு ஒத்துப்போகச் செய்யுங்கள். பழைய பெயர்களை 'வேறு பெயர்கள்' கட்டத்தில் ஒன்று விடாமல் எழுதுங்கள். பட்டத்தைச் சரிபார்ப்பவர்கள் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள். கிளினிக் பெயரும் அப்படித்தான். கிளினிக்குக்கு வரி அடையாள எண் ஒதுக்கி அமெரிக்க வருமான வரித்துறை தந்த சிபி 575 கடிதத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுத வேண்டும். நான் ஒரு காற்புள்ளியை விட்டேன். விண்ணப்பம் திரும்பி வந்தது.

என்பிஐ என்பது பத்து இலக்க அடையாள எண். டாக்டருக்கு ஒன்று, கிளினிக்குக்கு ஒன்று. கட்டணம் கிடையாது, சுலபம்.

அடுத்தது சிஏகியூஎச். டாக்டரின் முழு ஜாதகத்தையும் ஓரிடத்தில் ஏற்றி வைக்கும் தளம் இது. பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் இங்கிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. படிப்பு, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு அவர்கள் தகுதியைக் காட்டும் ஈசிஎஃப்எம்ஜி சான்றிதழ், தொழில்முறைப் பிழைக் காப்பீடு, ஐந்து வருட வேலை வரலாறு எல்லாம் வேண்டும். வேலைக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் காரணம் கேட்பார்கள். ஒரு வருடம் தாண்டினால் எழுத்தில் வேண்டும். அக்காவுக்குப் பதினான்கு மாத இடைவெளி. பிள்ளை பெற்றதை எழுத வெட்கப்பட்டு அதைக் காலியாக விட்டிருந்தாள். "பிரசவம், குழந்தை பராமரிப்பு" என்று எழுதினோம், அவ்வளவுதான். படிவத்தை நீங்கள் நிரப்பலாம். உறுதிமொழியை டாக்டரே படித்துக் கையொப்பமிடட்டும்.

முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கு பீகோஸ் என்ற தளம். மாண்டானா விண்ணப்பங்களைப் பார்ப்பது நொரிடியன் என்ற ஒப்பந்த நிறுவனம். இதை முதலில் அனுப்புங்கள்: கிராமத்தில் முதியவர்கள் அதிகம், தவிர விண்ணப்பத் தேதியை வைத்துத்தான் தொடக்கத் தேதி வரும். நிபந்தனைகள் பொருந்தினால் அதற்கு 30 நாள் முன்புவரை பார்த்த நோயாளிகளுக்கும் பில் போடலாம். வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டு மாநிலத்தின் பொறுப்பு என்பதால் அதற்குத் தனி விண்ணப்பம்.

தனியாரில் ஒரு நிறுவனம், "எங்கள் டாக்டர் பட்டியல் நிரம்பிவிட்டது" என்று ஒரு வரியில் பதில் போட்டது. கிராமத்து டாக்டர் இதோடு விடக்கூடாது. மெடிகேரைத் தனியார் வழியாகத் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் நடத்தும் நிறுவனங்களுக்குத் தூர விதி உண்டு. சதுர மைலுக்குப் பத்துப் பேர்கூட இல்லாத மாவட்டங்களில், மெடிகேர் பயனாளிகளில் 85 சதவீதத்தினருக்காவது 60 மைலுக்குள்ளும் 70 நிமிடப் பயணத்துக்குள்ளும் ஒரு முதல்நிலை மருத்துவர் இருக்க வேண்டும். அக்கா ஊரிலிருந்து அவர்கள் பட்டியலில் இருந்த அடுத்த டாக்டர் 74 மைல், நடுவில் குளிர்காலத்தில் மூடிவிடும் ஒரு மலைப்பாதை. வரைபடத்தோடு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். பதினோராம் நாள் விண்ணப்பப் படிவம் வந்தது.

இனி, எங்களுக்குக் கை சுட்ட இடம். இன்னொரு நிறுவனம் "எங்கள் சரிபார்ப்புக் குழு ஒப்புதல் அளித்துவிட்டது" என்று மின்னஞ்சல் அனுப்பியது. அக்கா மறுநாளே நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஒப்புதல் வேறு, ஒப்பந்தம் வேறு, அமலுக்கு வரும் தேதி வேறு என்று எங்களுக்கு அப்போது தெரியாது. தேதி ஆறு வாரம் தள்ளி இருந்தது. அந்த ஆறு வாரப் பில்களில் ஒரு காசு வரவில்லை. தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் பின்தேதியிட்டுத் தருவதில்லை. அதனால் அமல் தேதி எழுத்தில் கைக்கு வரும்வரை அந்த நிறுவனத்து நோயாளிக்கு நேரம் ஒதுக்காதீர்கள்.

போன் செய்யாமல் எதுவும் நகராது. கோடையில் இங்கே இரவு பத்து மணி என்றால் அங்கே காலை எட்டு. குளிர்காலத்தில் பதினொன்று வரை விழித்திருக்க வேண்டும். ஒரு தே ஓவை (பால் சேர்க்காத தேநீர்) பக்கத்தில் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை கூப்பிடுவேன். "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றால் வைத்துவிடாதீர்கள். விண்ணப்பம் சரிபார்ப்பில் இருக்கிறதா, குழுவுக்குப் போய்விட்டதா, குழு அடுத்து எப்போது கூடுகிறது, ஏதாவது தாள் குறைகிறதா என்று கேளுங்கள். பேசியவர் பெயர், தேதி, குறிப்பு எண் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். கிடப்பில் போன ஒரு விண்ணப்பத்தை அந்த நோட்டை வைத்துத்தான் மீட்டேன்.

சிஏகியூஎச் விவரங்களை 120 நாளுக்கு ஒருமுறை டாக்டர் மறுபடி உறுதிசெய்ய வேண்டும். தவறினால் புது விண்ணப்பங்கள் அப்படியே நின்றுவிடும். அக்கா நினைவூட்டல் மின்னஞ்சல்களைத் திறப்பதில்லை. அதனால் எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் 110ஆம் நாள் தாளில் சிவப்பு மையால் 'அக்கா' என்று எழுதிவைப்பேன். அன்று காலை யார் தாளைக் கிழித்தாலும் என்னைக் கூப்பிட்டுச் சொல்வார்கள்.