புல எண்ணிலிருந்து அரசிதழ் வரை: ஒரு தொல்லியல் இடத்தைக் காப்பது எப்படி

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையில் தொல்லியல் அலுவலராகப் புதிதாகப் பணியேற்று, ஒரு மாவட்டத்தின் பொறுப்பு முழுவதையும் கையில் பெற்றிருக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழடி, சிவகளை, ஆதிச்சநல்லூர் ஆகிய பெயர்கள் நாடெங்கும் பேசப்படத் தொடங்கிய பிறகு, இந்தப் பணி என்றாலே அகழாய்வு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு மாவட்ட அலுவலரின் நாட்களில் பெரும்பகுதி, இன்னும் தோண்டப்படாத இடங்களைத் தோண்டப்படாமல் காப்பதிலேயே கழிகிறது. அதற்குக் கொத்துக்கரண்டியைவிட வருவாய்த் துறையின் பதிவேடுகளே அதிகம் உதவுகின்றன என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

பணிக்கு வரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரலாறு, தொல்லியல் போன்ற பாடங்களில் முதுகலைப் பட்டமும், கல்வெட்டுகளைப் படிக்கும் பயிற்சியும் வேண்டும். துறையே சென்னையில் தொல்லியலுக்கும் கல்வெட்டியலுக்குமான இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. இந்தியத் தொல்லியல் துறை நடத்தும் பட்டயப் படிப்பு கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. மாநிலப் பணியிடங்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிப்பைக் கவனித்து வர வேண்டும்.

பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே, உங்கள் மாவட்டத்தில் எந்த இடம் யாருடைய ஆளுகையில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம், சித்தன்னவாசல் போன்றவை மத்திய அரசின் 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. மாநிலத் துறை 1961இல் தொடங்கப்பட்டது. அதற்குரிய சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. வழிபாட்டில் உள்ள கோயில்களில் பெரும்பாலானவை இந்து சமய அறநிலையத் துறையிடம் இருக்கின்றன. மலையும் குன்றும் வனத்துறையிடமோ, வருவாய்த் துறையின் புறம்போக்குக் கணக்கிலோ இருக்கும். யாரிடம் எழுதிக் கேட்பது என்று தெரியாமல் தொடங்கும் கோப்பு ஓராண்டு சுற்றிவிட்டு உங்கள் மேசைக்கே திரும்பி வரும்.

இனி, ஓர் இடத்தைப் பற்றிய தகவல் உங்களுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்மாய் தூர்வாரும்போது தாழி தட்டுப்பட்டிருக்கலாம். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது செங்கல் சுவர் தெரிந்திருக்கலாம். சொல்பவர் பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியராகவோ, ஆடு மேய்ப்பவராகவோ, கிராம உதவியாளராகவோ இருப்பார். அன்றே புறப்பட்டுப் போங்கள். மறுநாள் போனால், ஜேசிபி வைத்திருப்பவர் வாடகைக் கணக்குப் பார்த்து வேலையை முடித்திருப்பார். போன உடனே சட்டத்தைப் பேசாதீர்கள். நிலத்துக்காரரிடம் அவருடைய நிலம் பறிபோகப் போவதில்லை என்பதை முதலில் புரியவைத்து, இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை, மரியாதையாகக் கேட்டு மறுத்தவர்கள் மிகக் குறைவு.

தாழி தெரிந்தால் அதைத் திறக்கக் கூடாது. ஊரார் ஆர்வத்தில் திறக்கவும் விடக் கூடாது. தாழிக்குள் இருக்கும் மண்தான் நமக்கு வேண்டிய சான்று. சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்உமியைப் பகுப்பாய்வு செய்ததில், அதன் காலம் கி.மு. 1155 என்று தெரியவந்ததாக 2021இல் அரசு அறிவித்தது. அந்தத் தாழியை யாரோ ஒருவர் முன்னரே கவிழ்த்துக் கழுவியிருந்தால், பானை மட்டும் எஞ்சியிருக்கும், காலம் போயிருக்கும். ஆகவே வெளியே தெரியும் விளிம்பை அளவுகோலுடன் படமெடுத்து, நனைந்த சாக்கையும் மண்ணையும் கொண்டு மூடிவிட்டு, முறையான அகழாய்வு தேவையா என்பதைத் தலைமையகத்துடன் பேசி முடிவு செய்யுங்கள். மாநிலத் துறையே ஆனாலும், அகழாய்வுக்கு மத்தியத் தொல்லியல் ஆலோசனைக் குழுவின் வழியாக அனுமதி பெற்றாக வேண்டும்.

மேற்பரப்பில் கிடக்கும் கருப்பு-சிவப்புப் பானையோடுகளைக் கண்டதும் பை நிறைய அள்ளத் தோன்றும். அள்ளாதீர்கள். எந்தத் திசையில் எவ்வளவு தூரம் அவை பரவியிருக்கின்றன என்பதைக் குறித்த பிறகு, குறியீடோ எழுத்தோ உள்ள ஓடுகளையும், வடிவம் சொல்லும் விளிம்புத் துண்டுகளையும் மட்டும் எடுங்கள். ஒவ்வொரு பையிலும் விவரச் சீட்டை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இடுங்கள். வெளிச் சீட்டு எப்படியும் ஒரு மழைக்காலத்தில் அழிந்துவிடும்.

அடுத்து நான் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். களத்திலிருந்து நேராக அலுவலகம் திரும்பாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று அந்த இடத்தின் புல எண்ணையும் (சர்வே எண்) உட்பிரிவையும் கேட்டு வாங்குங்கள். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தின் நகல், நிலத்தின் வகையையும் உரிமையாளரையும் சொல்லும் அ-பதிவேட்டுப் பகுதி, சாகுபடிக் கணக்கான அடங்கல் ஆகிய மூன்றும் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். இடத்தின் நான்கு மூலைகளிலும் நின்று அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் குறித்து, அவற்றைப் புலப்படத்தின் மேல் பொருத்திக் காட்டுங்கள்.

பணியில் சேர்ந்த புதிதில், தாழிகள் நிறைந்த ஒரு செம்மண் மேட்டைப் பற்றி நான் அனுப்பிய அறிக்கையில், ஊரின் பெயரையும் ‘ஊருக்குத் தெற்கே உள்ள மேடு’ என்பதையும் மட்டுமே எழுதியிருந்தேன். சில மாதங்கள் கழித்து அந்த மேட்டில் கிராவல் அள்ள ஓர் அலுவலகம் அனுமதி கொடுத்துவிட்டது. அவர்களுடைய கோப்பில் புல எண் இருந்தது. என்னுடைய அறிக்கையில் இல்லை. இரண்டும் ஒரே நிலம்தான் என்பதை எவரும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வழியே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது, வெட்டிய மண்சுவரில் பாதியாக அறுபட்ட தாழிகள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றின் உள்ளே மடித்து வைத்தது போலக் கிடந்த எலும்புகள் வெயிலில் பொடிந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து புல எண் இல்லாத ஓர் அறிக்கையில் நான் கையெழுத்திட்டதில்லை. அறிக்கையின் நகலை வட்டாட்சியருக்கும், கோட்டாட்சியருக்கும், மாவட்டக் கனிமவள அலுவலகத்துக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

இடத்தின் பெயரையும் ஊர் வழக்கில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சமணர் படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாண்ட வீரருக்கு நட்ட நடுகல், வேடியப்பன் என்ற தெய்வமாகி வழிபாட்டில் இருக்கும். அது தெய்வம் அன்று, கல் என்று விளக்க முற்படாதீர்கள். படையல் போடுகிற கையால்தான் அந்தக் கல் ஆயிரம் ஆண்டுகள் பிழைத்து வந்திருக்கிறது. அதைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகவும் அவசரப்படாதீர்கள். எழுத்தின்மேல் எண்ணெய்ப் பிசுக்கோ பெயிண்டோ ஏறியிருந்தால், பூசாரியிடம் கேட்டு, அவர் சம்மதித்த நாளில், அவர் பார்த்திருக்கவே துடையுங்கள். கம்பித் தூரிகையும் அமிலமும் கல்லின் பக்கமே வரக் கூடாது.

கல்வெட்டை மைப்படி எடுப்பதற்கு, அதாவது எழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பதற்கு, காற்று எழாத காலை நேரம் நல்லது. கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, எழுத்துப் பள்ளங்களில் அடைந்த மண்ணைப் போக்குங்கள். நனைத்த தாளைக் கல்லின்மேல் சுருக்கமின்றிப் பரப்பி, மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிச் சீராக அடித்துக்கொண்டே வாருங்கள். அடிக்க அடிக்கத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். தாள் முக்கால் பங்கு காய்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருக்கும் பக்குவத்தில், மையைத் துணிப்பொதியில் தொட்டு, முதலில் பலகையில் ஒற்றி மிகுதியை நீக்கிய பிறகு, தாளின்மேல் மெல்ல ஒற்றுங்கள். ஈரம் மிகுந்தால் மை ஊறிக் கல்லில் இறங்கிவிடும். காய்ந்துபோனால் தாள் எழும்பி எழுத்து நழுவும். சரியாக வந்தால் கரிய பரப்பில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து நிற்கும். உரித்தவுடன் பின்புறத்தில் ஊர், இடம், திசை, நாள் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். பொரிந்து உதிரும் கல்லிலும், ஓவியமோ சுண்ணப் பூச்சோ உள்ள பரப்பிலும் மைப்படி எடுக்கவே கூடாது. அங்கே இருட்டிய பிறகு பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படமெடுப்பதே போதும்.

உலோகத் திருமேனியோ காசுகளோ கிடைத்தால், 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டம் நினைவுக்கு வர வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலைக் கண்டெடுத்தவரும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஊராரின் முன்னிலையில் உயரம், எடை ஆகியவற்றைக் குறித்து, எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுத்து, சாட்சிக் கையெழுத்துடன் வட்டாட்சியரிடம் ஒப்படைக்கச் செய்யுங்கள். அந்தப் படத்தின் அருமை உங்களுக்குப் பின்னால் வருபவருக்குத் தெரியும். கோயில்களிலிருந்து திருட்டுப்போன ஸ்ரீபுரந்தான் நடராசரும் விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் திரும்பி வர முடிந்ததற்கு, அவை கோயிலில் இருந்த காலத்தில் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த பழைய படங்கள் முக்கியமான சான்றாக இருந்தன.

ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க முன்மொழியும்போது, ஊராரைக் கலந்து பேசாமல் செய்யாதீர்கள். மத்தியச் சட்டப்படி, முதலில் கருத்துரு அறிவிக்கை அரசிதழில் வெளியாகி, அதன் நகல் அந்த இடத்திலேயே ஒட்டப்படும். ஆட்சேபணை தெரிவிக்க இரண்டு மாதம் தரப்படும். அவற்றை ஆராய்ந்த பிறகே இறுதி அறிவிக்கை வரும். மத்திய அரசின் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். இந்த வரம்புக்குள் வீடு வைத்திருப்பவரின் கோபம் நியாயமானது. பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம் என்பதை அவருக்குச் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பவும் உதவுங்கள். ஊர் உடன் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி சாட்சி. தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டும், சமணச் சிற்பமும், பாண்டியர் குடைவரையும் உள்ள அந்த ஊர் 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024இல் ஏலம் விடப்பட்டபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. எங்கள் மலையில் இன்ன எழுத்து இருக்கிறது என்று அந்த மக்களே எடுத்துச் சொல்ல முடிந்தது.

அறிவிக்கையோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் போய்ப் பாருங்கள்; விரலளவு இருக்கும்போதே அரசமரக் கன்றை அகற்றாவிட்டால், அது வேர்விட்டுக் கட்டுமானத்தையே பிளந்துவிடும். திருப்பணி நடக்கும் கோயில்களில் மணல்வீச்சு முறையில் கல்லைச் சுத்தம் செய்கிறார்களா என்று கண்காணியுங்கள். அது அழுக்கோடு எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும்.

மூன்று ஆண்டுகளிலோ ஐந்து ஆண்டுகளிலோ உங்களுக்கு மாறுதல் வரும். அன்று உங்கள் மாவட்டத்தின் எல்லா இடங்களையும் புல எண், எல்லை அளவுகள், முதலில் தகவல் தந்தவரின் பெயர், இப்போதைய நிலை ஆகியவற்றோடு ஒரே பதிவேடாக எழுதி, அடுத்து வருபவரிடம் கையெழுத்துப் பெற்று ஒப்படையுங்கள். முடிந்தால் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கி, அவரை ஒவ்வோர் இடத்துக்கும் நேரில் அழைத்துப்போய், அந்த ஊர்க்காரர்களிடம் அறிமுகப்படுத்திவிட்டுப் புறப்படுங்கள்.