மரத்துப்போகும் ஊசியில் மார்புக் கட்டி ஆபரேஷன்: கூட இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

இதயம் பலவீனம், முழு மயக்கம் தாங்காது என்று சொன்னதும் பாட்டியை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். மார்பிலோ தோலிலோ உள்ள கட்டி என்றால், அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து எடுக்க முடியுமா என்று சர்ஜனிடமும் மயக்க டாக்டரிடமும் கேளுங்கள். எல்லாக் கட்டிக்கும் இது சரிப்படாது. வயிற்றுக்குள் இருப்பதற்குப் பெரும்பாலும் ஆகாது. தியேட்டர் நர்ஸாகப் பல வருடம் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் எடை. "அம்மா அம்பது கிலோ இருப்பாங்க சிஸ்டர்" என்றார் ஒரு மகன். மெஷினில் ஏற்றினால் 40. மரக்க வைக்கும் லிக்னோகெய்ன் மருந்தைப் பொதுவாகக் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போடுவதில்லை. அதோடு அட்ரினலின் என்ற மருந்தையும் சேர்த்தால் 7 வரை. 40 கிலோவுக்கு அது 280 மில்லிகிராம். ஐம்பது என்று நம்பியிருந்தால் 350 ஆகியிருக்கும். அன்று காலையே நிறுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார் என்று கவனியுங்கள். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், மேசையின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மரப்பு ஊசிதானே என்று காலையில் இட்லி கொடுத்துவிடவும் வேண்டாம். நடுவில் முழு மயக்கம் தேவைப்பட்டால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

பாட்டியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஊசி போடும்போது சுருக்கென்று குத்தும், எரியும். பிறகு இழுப்பது, அழுத்துவது தெரியும், வலி தெரியக்கூடாது. வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் சொல்ல வேண்டும், இன்னும் மருந்து போடுவார்கள். உதடு மரத்தாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ, வாயில் இரும்பு ருசி வந்தாலோ உடனே சொல்ல வேண்டும். மருந்து ரத்தத்தில் அதிகமானதன் முதல் அறிகுறி அது. பொறுமைசாலிகள்தான் எனக்குப் பயம். "டாக்டருக்கு ஏன் தொந்தரவு" என்று பேசாமல் படுத்திருப்பார்கள்.

அதனால்தான் காது மெஷினை உள்ளே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கச் சொல்கிறேன். ஒரு பாட்டியிடம் "வலிக்குதாம்மா" என்று நான் மூன்று முறை கேட்டும் அவருக்குக் கேட்கவில்லை. மெஷின் வெளியே மகளின் பர்ஸில் இருந்தது. கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டு, வலித்தால் என் விரலை அழுத்தச் சொல்லி ஜாடை காட்டினேன். இரண்டு முறை அழுத்தினார், இரண்டு முறையும் டாக்டர் நிறுத்தி மருந்து போட்டார்.

மரப்பு சில மணி நேரத்தில் விட்டுவிடும். வலி மாத்திரையை அதற்கு முன்பே கேட்டு வாங்கிக் கொடுங்கள்.