குடல் கழுவும் விதம்

காரைக்குடியில் ஆடு அறுக்கும் இடமான ஆட்டுத்தொட்டியில் 12 வருடம் குடல் அலசியவன் நான். விடிவதற்குள் முத்திரை குத்திய கறி கடைகளுக்குப் போய்விடும். தலையும் குடலும்தான் எங்கள் பங்கு.

இரைப்பையைக் கீறி, உள்ளே இருக்கும் தழையைக் கொட்டி, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அடுத்தது வெந்நீர். இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். கொதிக்கிற நீரில் போட்டால் இரைப்பையின் மேல் படிந்த கறுப்புத் தோல் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு நகம் தேய்ந்தாலும் வராது. இறக்கிய வெந்நீரில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். விரலை வைத்ததும் சுரீரென்று இழுத்துக்கொள்ளும் சூடு போதும். இரைப்பையை அதில் போட்டு, ஒரு நிமிடத்தில் ஓரத்தைக் கத்தியின் முதுகால் சுரண்டிப் பாருங்கள். அழுக்குக் கழன்று வெள்ளை தெரிந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

ஏடு ஏடாக மடிந்த பகுதியைத் தனித்தனியாகப் பிரித்துத் தேய்க்க வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாத மருமகளை எங்கள் அப்பத்தா அடுப்பருகே விடமாட்டார். (அவர் மகன்களை ஒருநாளும் கேட்டதில்லை.)

சிறுகுடல் சுலபம். ஈர்க்குச்சியால் உள்புறத்தை வெளியே திருப்பி, கல் உப்பும் மஞ்சளும் போட்டுக் கசக்கி, ஐந்தாறு தண்ணீர் மாற்றுங்கள். கடைசித் தண்ணீரில் பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும்.