மின்சாரம் கடைசியில்: பழைய 386 மதர்போர்டை மீட்டெடுக்கும் முறை

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை போடும் சந்தையில், பழைய மிக்ஸிக்கும் டேப் ரெக்கார்டருக்கும் நடுவே ஒரு 386 மதர்போர்டு கிடந்தது. மதர்போர்டு என்பது கணினியின் எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பலகை, 386 என்பது அதில் உட்காரும் பழைய பிராசசர் வகை. ஏஎம்டியின் 40 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், ராம் செருக எட்டு இடம், கூடுதல் கார்டு செருக, கறுப்பு நிறத்தில் நீள நீளமாக ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகள். எடைக்குப் போகவிருந்ததை நூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடலூர் பஸ்ஸில் மடியில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு மூலை முழுக்கப் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது.

இப்படி ஒரு போர்டு கையில் கிடைத்ததும் கரண்ட் கொடுத்துப் பார்க்கத்தான் கை துடிக்கும். தயவுசெய்து கொடுக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் அப்படிக் கொடுத்து ஒரு நல்ல போர்டை இழந்தேன். எங்கள் தெருவில் டிவி பழுதுபார்க்கும் அண்ணன் அன்று சொன்னார்: "முதல்ல கழுவு, அப்புறம் மீட்டர வை, கரண்டு கடைசியில தம்பி." கீழே இருப்பது அவர் சொன்ன வரிசைதான்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம் நன்றாக ஒட்டத் தடவும் ஃப்ளக்ஸ், வெள்ளை வினிகர், பழைய டூத் பிரஷ், ஐசோப்ரோபைல் ஆல்கஹால், டிஸ்டில்டு வாட்டர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதே தண்ணீர்தான்.

படி 1: பேட்டரியை எடுங்கள்

அந்தக் காலத்து 386, 486 போர்டுகள் பலவற்றில் பீப்பாய் வடிவில் ஒரு சின்ன பேட்டரி பற்றவைத்திருக்கும். 3.6 வோல்ட், நிக்கல் காட்மியம். கணினி அணைந்திருக்கும்போது நேரத்தையும் ஹார்டு டிஸ்க் விவரத்தையும் காப்பது இதன் வேலை. வயதானால் இது ஒழுகும். ஒழுகுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். அது செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே மெல்ல நகர்ந்து சாக்கெட்டுகளின் கால்கள் வரை போய்விடும். பழைய போர்டுகளைக் கொல்வதில் முதலிடம் இதற்குத்தான்.

கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியின் கால்களை வெட்டி எடுங்கள். காட்மியம் நச்சு என்பதால் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

படி 2: கழுவுங்கள்

முதலில் ஜம்பர்கள், அதாவது பின்களை இணைத்து அமைப்பை மாற்றும் சின்ன மூடிகள், இருக்கும் நிலையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணினியைத் துவக்கும் நிரல் இருக்கும் பயாஸ் சில்லின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிரிக்காதீர்கள். பல போர்டுகளில் அதற்கடியில் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளி பட்டால் உள்ளே எழுதியிருப்பது அழிந்துவிடும்.

கார் பேட்டரி முனையில் பூக்கும் உப்புக்கு ஆப்பசோடா போடும் பழக்கம் நமக்கு உண்டு. அங்கே இருப்பது அமிலம், அதனால் சோடா. இங்கே ஒழுகியிருப்பது காரம், அதனால் வினிகர். பூத்திருப்பதை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, பஞ்சில் வினிகரைத் தொட்டு வையுங்கள். லேசாக நுரைக்கும். ஐந்து நிமிடம் விட்டுத் தேயுங்கள். நுரை அடங்கும்வரை திரும்பச் செய்யுங்கள்.

அலச டிஸ்டில்டு வாட்டர் மட்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் தடம் விட்டுப் போகும். அதை ஒரு போர்டில் ஊற்ற மனம் வராது. தேவனாம்பட்டினக் கடற்காற்றில் பல வருடம் இருந்த போர்டு என்றால், பூத்த மூலையோடு நிறுத்தாமல் முழுவதையும் கழுவுங்கள். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். 2015 வெள்ளத்தில் நனைந்தது என்றால் சாக்கெட்டில் இருக்கும் சில்லுகளையும் கழற்றி அடியில் பாருங்கள், சேறு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கடைசியாக ஆல்கஹால் அடித்து, ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் வைத்துவிடுங்கள்.

படி 3: மீட்டரை வையுங்கள்

மின் இணைப்பான் பின்களில் ஐந்து வோல்ட் வரும் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். அப்படியே +12, -12, -5 பின்களிலும். ஒரு ஓமுக்கும் கீழே காட்டினால் ஷார்ட். பெரும்பாலும் காரணம், நீர்த்துளி வடிவில் மஞ்சளாகவோ நீலமாகவோ நிற்கும் டான்டலம் கெப்பாசிட்டர். நான் இழந்த போர்டில் வெடித்ததும் அதுதான்.

மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், வோல்ட் மட்டும் அதே அளவோ கூடுதலோ. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ். சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் மறுபடியும் வெடிக்கும்.

படி 4: பவர் சப்ளை

பழைய ஏடி வகை சப்ளையின் முன் சுவிட்சுக்குப் போகும் வயர்களில் நேரடியாக 230 வோல்ட் ஓடும். பிளக் செருகியிருக்கும்போது அந்தப் பக்கம் கையே போகக்கூடாது. பின்னால் 115 / 230 என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் 230ல் இருக்கிறதா பாருங்கள். ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கைச் சுமையாக மாட்டி அளந்தால் சிவப்பு வயரில் 4.75க்கும் 5.25க்கும் நடுவே வரவேண்டும்.

போர்டுக்கு வரும் இணைப்பான்கள் இரண்டு, பி8, பி9. கறுப்பு வயர்கள் நடுவில் அடுத்தடுத்து வரும்படி செருகவேண்டும். திருப்பிச் செருகினால் போர்டு போய்விடும்.

படி 5: காதைத் தீட்டுங்கள்

பிராசசர், ஸ்பீக்கர், ராம், திரைக்குப் படம் அனுப்பும் ஒரு விஜிஏ கார்டு. இதற்கு மேல் எதையும் மாட்டாதீர்கள். 386டிஎக்ஸ் போர்டில் 30 பின் ராம் நான்கு நான்காகத்தான் போடவேண்டும், 386எஸ்எக்ஸ் என்றால் இரண்டிரண்டு. ஒன்றை மட்டும் போட்டுவிட்டுப் போர்டு செத்துவிட்டது என்று ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸ் என்றால் பீப்பை எண்ணுங்கள். திரையில் எதுவும் வராமல் ஒன்றோ மூன்றோ கேட்டால் ராம் பக்கத்துப் பழுது. ஆறு, கீபோர்டு கன்ட்ரோலர். எட்டு, டிஸ்ப்ளே கார்டு. ஒன்பது, பயாஸ் சில்லு. சத்தமே இல்லை என்றாலும் மனம் தளரவேண்டாம். ராமைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். அப்போது பீப் வந்தால் பிராசசரும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன.

என் போர்டு ஆறு முறை கத்தியது. கீபோர்டு கன்ட்ரோலர் என்பது 40 கால் உள்ள ஒரு சில்லு. இந்தப் போர்டில் அது பேட்டரிக்கு மிக அருகில் இருந்தது, அரிப்பு முதலில் எட்டியது அதைத்தான். சில்லைக் கழற்றிச் சாக்கெட்டைச் சுத்தம் செய்தேன். அப்புறம் மீட்டரை, இணைப்பு அறுபடாமல் இருந்தால் சத்தம் போடும் கன்டினியூட்டியில் வைத்து, கீபோர்டு இணைப்பானிலிருந்து சில்லு வரை ஒவ்வொரு தடமாகத் தொட்டு வந்தேன். ஒரு தடத்தில் மட்டும் சத்தம் வரவில்லை. கண்ணுக்கு முழுசாகத் தெரிந்த தடம் அது. மேல் பூச்சைச் சுரண்டினால் உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகியிருந்தது. நல்ல செம்பு தெரியும்வரை இரு பக்கமும் சுரண்டி, ஃப்ளக்ஸ் தடவி, ஈயம் பூசி, முடி போன்ற வயர் ஒன்றை வைத்துப் பற்றவைத்தேன். முழு ஞாயிற்றுக்கிழமையும் இதற்கே போனது. அவசரப்பட்டு அயர்னை அழுத்தினால் தடம் பெயர்ந்து வந்துவிடும்.

மறுபடி கரண்ட் கொடுத்தபோது ஒரே ஒரு பீப். திரையில் மெமரி எண்ண ஆரம்பித்து 4 எம்பியில் நின்றது. பக்கத்தில் நின்ற என் அம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

படி 6: புதுப் பேட்டரி

பழைய இடத்தில் காசு வடிவ லித்தியம் பேட்டரியை நேராகப் போடாதீர்கள். போர்டு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றப் பார்க்கும். அதை லித்தியம் தாங்காது. பல போர்டுகளில் வெளிப் பேட்டரிக்கென்று 4 பின் இடம் இருக்கும். மூன்று ஏஏ செல் போட்ட பெட்டியை, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு வழியாக அங்கே கொடுங்கள். பிளஸ் எது என்று மீட்டரால் உறுதிசெய்தபின், பெட்டியைப் போர்டிலிருந்து தள்ளி ஒட்டிவிடுங்கள். இனி ஒழுகினாலும் பெட்டியோடு போகும். ஜம்பரை வெளிப் பேட்டரி நிலைக்கு மாற்ற மறக்கவேண்டாம்.

போர்டை எடுத்து வைக்கும்போது மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீல மணிகள் சீக்கிரம் இளஞ்சிவப்பாகிவிடும். வெறும் வாணலியில் சிறு தீயில் வறுத்தால் திரும்ப நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.