நாலு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடம்: பாட ஆய்வு செய்வது எப்படி?

ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. பயிற்சிக் கூட்டத்தின் டீ இடைவேளையில் சும்மா நின்று கேட்டாலே போதும், ஒருத்தர் வாய்ப்பாட்டைப் பாட்டாக்கிய கதையைச் சொல்வார், இன்னொருத்தர் கைப்பேசியை நீட்டி தான் செய்த துணைக்கருவியைக் காட்டுவார், எல்லோரும் படம் எடுத்துக்கொள்வோம். நல்ல விஷயம்தான். ஆனால் திங்கட்கிழமை நம் வகுப்பில் அதையே செய்தால் பல நேரம் எடுபடுவதில்லை. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் இடறியதால் அவருக்கு அந்த யோசனை வந்தது என்பது நமக்குத் தெரியாது, முடிவை மட்டும் வாங்கி வந்திருக்கிறோம்.

ஜப்பானியப் பள்ளிகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெயர் ஜுகியோ கென்க்யூ, பாட ஆய்வு என்று சொல்லலாம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் உண்மையான வகுப்பில் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள், அன்றைக்கே உட்கார்ந்து பேசுவார்கள். இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ஜப்பானில் மெய்ஜி பேரரசர் ஆண்ட காலத்திலிருந்தே வளர்ந்து வந்த பழக்கம். 1990களின் கடைசியில் ஜப்பானியக் கணித வகுப்புகளின் வீடியோக்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிய பிறகுதான் வெளி உலகம் திரும்பிப் பார்த்தது. இதற்கு அரசாணையோ நிதியோ எதுவும் தேவையில்லை. நம் ஊர் ஈராசிரியர் பள்ளியில்கூடச் செய்யலாம், பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒன்றிரண்டு பேர் வரவேண்டும், அவ்வளவுதான். தொடக்கப் பள்ளிக் கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

படி 1: ஆட்களைச் சேருங்கள்

மூன்று பேர் இருந்தால் போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவரும் வந்து உட்கார்ந்தால் நல்லது, ஆனால் ஒரு நிபந்தனை: இது அதிகாரிகள் வருடா வருடம் வந்து பார்க்கும் ஆண்டாய்வு கிடையாது. நம் ஆட்களுக்கு வகுப்பின் பின்பெஞ்சில் யாராவது நோட்டோடு உட்கார்ந்தாலே அதிகாரி வந்த நினைப்புதான் வரும், குரல் மாறிவிடும், பிள்ளைகளும் பொம்மைபோல உட்கார்ந்துவிடுவார்கள். பாடம் நம் எல்லோருடையது, நடத்துகிறவர் அன்றைக்குக் குரல் கொடுக்கிறார், அவ்வளவுதான் என்பதை முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

படி 2: பிள்ளைகள் சிக்கும் ஓர் இடத்தைப் பிடியுங்கள்

‘கணித ஆர்வத்தை வளர்த்தல்’ மாதிரி தலைப்புகளைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஆளுக்குப் பத்து நோட்டு எடுத்து வந்து மேசையில் பரப்புங்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்க்க வேண்டாம், அதில் தப்பு என்றுதான் இருக்கும், என்ன தப்பு என்று இருக்காது. மூன்றாம் வகுப்பு நோட்டுகளில் கட்டாயம் கண்ணில் படுவது இனமாற்றத்துடன் கழித்தல், அதாவது ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கிக் கழிப்பது. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதியிருப்பார்கள். இதையே எடுத்துக்கொள்வோம்.

படி 3: நடத்தும் முறைக்கு முன்னால், பாடப்பொருளையே பாருங்கள்

அவசரப்படாதீர்கள், இங்கேதான் அதிக நேரம் செலவாகும், செலவாக வேண்டும். நாம் கூடிய உடனே ‘என்ன ஆக்டிவிட்டி வைக்கலாம்’ என்று ஆரம்பித்துவிடுவோம். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, இந்தக் கருத்து இரண்டாம் வகுப்பில் எப்படி வந்தது, நான்காம் வகுப்பில் எங்கே போகிறது, புத்தகத்தில் முதல் கணக்காக ஏன் இந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. அந்த 35க்குத் திரும்பி வாருங்கள். ஒரு பிள்ளை ‘இரண்டில் ஏழு போகாது, சரி, ஏழில் இரண்டு போனால் ஐந்து’ என்று திருப்பிக் கழித்திருக்கலாம். இன்னொரு பிள்ளை ஒழுங்காகப் பத்தைக் கொண்டுவந்து 12இலிருந்து 7 போக 5 என்று போட்டுவிட்டு, பத்தின் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்திருக்கலாம். இரண்டு பேரும் எழுதுவது 35தான்! முதல் பிள்ளைக்கு இடமதிப்பே பிடிபடவில்லை, இரண்டாவது பிள்ளை முக்கால் தூரம் வந்துவிட்டது, ஆனால் நம் சிவப்பு மையில் இரண்டும் ஒரே தப்பு. ஒன்றின் இட இலக்கங்களுக்கு இடையே வித்தியாசம் 5 என்று வந்தாலே இப்படி ஆகும், 43இல் 18, 61இல் 36 எல்லாம் இதே ரகம்.

அதையே 52 − 28 என்று மாற்றுங்கள். திருப்பிக் கழிக்கிற பிள்ளை 36 எழுதும், குறைக்க மறந்த பிள்ளை 34 எழுதும், சரியான விடை 24. விடையைப் பார்த்தாலே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒரே ஓர் இலக்கத்தைத்தான் மாற்றினோம். தனியாகப் பாடக்குறிப்பு எழுதும்போது இதெல்லாம் தட்டுப்படாது, நாலு பேர் நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு வாதாடும்போதுதான் வெளியே வரும்.

ஜப்பானிய ஆசிரியர்கள் முதல் வகுப்பில் பத்தைப் பிரித்துக் கழிப்பதைத் தொடங்க 13 − 9 எடுப்பதா, 12 − 3 எடுப்பதா என்றெல்லாம் உட்கார்ந்து பேசுவதற்கும் இதுதான் காரணம். 13 − 9 என்றால் பிள்ளை பத்திலிருந்து ஒன்பதை எடுத்துவிட்டு மீதி ஒன்றை மூன்றோடு சேர்க்கத் தோன்றும். 12 − 3 என்றால் முதலில் இரண்டை எடுத்துவிட்டு, பத்திலிருந்து இன்னும் ஒன்றை எடுக்கத் தோன்றும். முதல் கணக்கின் எண்களைப் பொறுத்தே பிள்ளையின் யோசனை ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

படி 4: திட்டத்தை எழுதுங்கள், ஆனால் பிள்ளை சொல்லப்போவதையும் சேர்த்து

ஒரு தாளை நீளவாக்கில் மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் நாம் கேட்கும் கேள்வி, வார்த்தைக்கு வார்த்தை. நடுவில் பிள்ளைகள் என்ன சொல்லக்கூடும், தப்புகள் உட்பட. கடைசியில் அப்படிச் சொன்னால் நாம் என்ன செய்வோம். வழக்கமான பாடக்குறிப்பில் இந்த நடுப்பத்தி இருப்பதில்லை, அது காலியாக இருந்தால் திட்டம் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். 36 சொல்லும் பிள்ளையை ‘தப்பு, உட்கார்’ என்பதா, ‘குச்சியில் செய்து காட்டு’ என்பதா? இதை வகுப்பில் நின்றுகொண்டு யோசிக்க முடியாது, இப்போதே பேசி முடிவெடுங்கள்.

துணைக்கருவிக்கு ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் போதும், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு செட், பத்துப் பத்தாக ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. கரும்பலகையையும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள், எது எங்கே வரும், எதை அழிக்காமல் விடுவோம் என்று. ஜப்பானிய வகுப்புகளில் பாடம் முடியும்வரை பலகையை அழிக்காமல் இருக்கப் பார்ப்பார்கள், ஆரம்பத்தில் தப்பாக வந்த விடையும் கடைசியில் வந்த சரியான விடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நம் பலகை சின்னது என்றால் ஓரத்தில் ஒரு சார்ட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.

படி 5: பாடம் நடக்கும் நாள்

ஒரு பாடவேளைதான். கவனிக்க வந்தவர்கள் ஆளுக்கு மூன்று நான்கு பிள்ளைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள், உட்காரும் இடத்தை ஒரு தாளில் படமாக வரைந்து வைத்துக்கொண்டால் குறிக்கச் சுலபம். பின்னால் உட்கார வேண்டாம், அங்கிருந்து ஆசிரியரின் முகமும் பிள்ளைகளின் முதுகும்தான் தெரியும். பக்கவாட்டில் நில்லுங்கள், நோட்டும் கையும் தெரிகிற மாதிரி.

கவனிப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு பிள்ளை தப்பாகப் போடுவதைப் பார்த்தால் நமக்குக் கை துறுதுறுக்கும், ‘கண்ணு, அங்க பாரு’ என்று சொல்லிவிடுவோம். சொன்னால் போச்சு, அந்தப் பிள்ளை தானாக என்ன செய்திருக்கும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது. ‘ஈடுபாட்டுடன் பங்கேற்றனர்’ என்றெல்லாம் எழுதாதீர்கள், நேரம், யார், என்ன செய்தார், என்ன சொன்னார், அதை மட்டும் எழுதுங்கள். கைப்பேசியில் எடுப்பதென்றால் நோட்டையும் பலகையையும் எடுங்கள், பிள்ளைகளின் முகம் வேண்டாம், குழுக்களில் அனுப்பவே வேண்டாம்.

படி 6: அன்றைக்கே பேசுங்கள்

சாயங்காலம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள், மறுநாளைக்குத் தள்ளிவைத்தால் பாதி மறந்துவிடும். முதலில் நடத்தியவர் பேசட்டும், எது நினைத்தபடி நடந்தது, எங்கே இழுத்தது என்று. அப்புறம் மற்றவர்கள், ஒவ்வொருவராக, எழுதி வைத்ததைப் பார்த்து.

பாராட்டு மழைதான் முதல் தடை. ‘டீச்சர், ரொம்ப அருமையா நடத்துனீங்க’ என்று ஒருத்தர் ஆரம்பித்தால் அடுத்தவரும் அதையே சொல்ல வேண்டியிருக்கும், கூட்டம் முடிந்தது. அதற்கு நேர் எதிராக ‘நானா இருந்தா இப்படிப் பண்ணியிருப்பேன்’ என்பது, அதுவும் உதவாது. இப்படிப் பேச்சு வரவேண்டும்:

‘டீச்சர், ஜன்னல் ஓரம் இருந்த பொண்ணு கட்டைப் பிரிக்கவே இல்ல. டப்பால மிச்சம் இருந்த பத்துக் குச்சியை எடுத்துக்கிட்டா. விடை 34 வந்துச்சு.’

‘அப்படியா சார்? நான் அவ நோட்டைப் பார்த்து, குறைக்க மறந்துட்டான்னு நெனச்சேன்.’

பாருங்கள், இது மறதியே இல்லை. வெளியிலிருந்து பத்து வந்தால் ஐந்து கட்டும் அப்படியே இருக்கும், அவளைப் பொறுத்தவரை குறைக்க எதுவும் இல்லை. இந்த மாதிரி ஒரு குறிப்பு கிடைத்தால் அன்றைய உழைப்புக்கு அது போதும், அடுத்து என்ன மாற்றுவது என்பது தானாகவே வந்துவிடும்: உபரிக் குச்சி டப்பாவை மேசையிலிருந்து எடுத்துவிடுவது, கையில் சரியாக 52 குச்சி மட்டும், பத்து வேண்டுமென்றால் கட்டைப் பிரித்தே ஆகவேண்டும்.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், எல்லோருக்கும் பஸ் இருக்கிறது. ஒன்றியத்தில் அனுபவமுள்ள ஆசிரியர் பயிற்றுநரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ வர முடிந்தால் அவர் கடைசியில் பேசட்டும். முதலில் பேசவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி.

படி 7: மாற்றி, இன்னொரு வகுப்பில்

திருத்திய பாடத்தை வேறு பள்ளியில் வேறு ஒருவர் நடத்தலாம். கட்டாயம் இல்லை, ஜப்பானிலும் எல்லோரும் இரண்டாம் தடவை நடத்துவதில்லை. முடிந்தால் செய்யுங்கள், டப்பாவை எடுத்ததும் 34கள் குறைகின்றனவா என்று பார்க்க ஆசையாக இருக்குமல்லவா.

படி 8: ஒரு பக்கம் எழுதி வையுங்கள்

அறிக்கை வேண்டாம், ஒரே பக்கம். என்ன கணக்கு, ஏன் அந்த எண், பிள்ளைகள் என்ன செய்தார்கள், என்ன மாற்றினோம். பலகைப் படமும் இரண்டு நோட்டுப் படமும் சேருங்கள், பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டால் இந்தப் பக்கத்தையே வாசிக்கலாம், கேட்கிறவருக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதும் சேர்ந்தே போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பொங்கல் வாழ்த்துகளுக்கு நடுவே காணாமல் போய்விடும், பள்ளியில் ஒரு ஃபைலிலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.

எப்போது செய்வது என்றால், ஜூன், ஜூலை வேண்டாம், சேர்க்கை, விலையில்லாப் பொருட்கள், எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு என்று தலை சுற்றும். காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒன்று, அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் ஒன்று, முதல் வருடத்துக்கு இரண்டே போதும். பக்கத்துப் பள்ளிக்குப் போக அனுமதி கிடைக்காவிட்டால் உங்கள் பள்ளியில் இருக்கும் இன்னொரு ஆசிரியரோடு தொடங்குங்கள். ஒருவர் பாடம் நடத்தும்போது மற்றவரின் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் வரையும் வேலை கொடுத்து அதே அறையில் ஓரமாக உட்கார வைத்துக்கொள்ளலாம், சத்தம் கொஞ்சம் இருக்கும், சமாளிக்கலாம்.