வெடிச்சத்தத்துக்கு அணைந்த ஆர்கேட் பெட்டி

ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில், பழைய வீடியோ கேம்களை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளை நிறுவி நான் செய்த ஆர்கேட் பெட்டி, அமைதியான ஆட்டங்களில் ஒழுங்காக ஓடினாலும், வெடிச்சத்தம் மிகுந்த ஆட்டங்களில் மட்டும் பாதியில் தானாக அணைந்து மீண்டும் தொடங்கியது. சூடுதான் காரணமென்று மின்விசிறி பொருத்தினேன். மெமரி கார்டையும் மாற்றினேன். நான்கு நாள் வீண். ஒலியைக் குறைத்தால் கோளாறு வராததைத் தற்செயலாகக் கவனித்த பிறகே, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் பலகைக்கும் ராஸ்பெர்ரி பையின் 5 வோல்ட் இணைப்பு ஊசியிலிருந்தே மின்சாரம் எடுத்திருந்தது உறைத்தது. மல்டிமீட்டர் வைத்தபோது, ஒவ்வொரு வெடிச்சத்தத்தின்போதும் மின்னழுத்தம் 4.6 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தது. ஏறத்தாழ 4.63-க்குக் கீழே இறங்கினாலே மின்னழுத்தக் குறைவை எச்சரிக்கும் மின்னல் குறி திரையில் தோன்றியிருக்க வேண்டும். கண்ணை உறுத்துகிறதென்று அதை அமைப்புக் கோப்பில் முன்பே அணைத்து வைத்தவன் நானேதான். ஆம்ப்ளிஃபயருக்குத் தனி அடாப்டர் கொடுத்து, கிரவுண்ட் கம்பியை மட்டும் பொதுவாக விட்டேன். அதன்பின் பெட்டி ஒருமுறையும் அணையவில்லை.